செல்வமேரி கதவைச் சாத்திய செவ்வாய்க்கிழமைகள்

“நீ குளிக்கையில கதவைச் சாத்துதியா இல்லையாட்டி? அப்போ உள்ள யாரு இருக்கான்னு நான் வந்து கேட்டனா?”

குழாயடியில் நான் இப்படிக் கேட்டதும் செண்பகவல்லி நிறைந்த குடத்தை அப்படியே விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள். எங்கள் சந்தில் அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. தாராவியில் பிறந்து தாராவியிலேயே பேரன் எடுத்தவள். ஆனால் சண்டை என்று வந்துவிட்டால் அவள் அம்மாவின் திருநெல்வேலிப் பேச்சு துவைத்த துணி மாதிரி சுத்தமாக வரும்.

“குளிக்கது அஞ்சு நிமிஷம் பெரியம்மா. இவ ஒரு மணி நேரம்லா சாத்துதா! செவ்வாய்க்கிழமை மூணு மணியானா டான்னு கதவு அடைக்கு. உள்ள குசுகுசுன்னு பேச்சு. ஒரு நாள் அழுகை, ஒரு நாள் சிரிப்பு. குடும்பப் பொம்பளைக்குப் பட்டப்பகல்ல போன்ல என்ன பேச்சுங்கேன்?”

“மனசுக்குப் பாக்குற அம்மாட்ட பேசுதா. உனக்குத்தான் தெரியும்லா.”

“ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. சும்மா பேசுததுக்கு நானூறு ரூவா! நான் தினமும் இந்தக் குழாயடில பேசுதேன், எனக்கு எவன் தந்தான்?”

“உன் பேச்சைக் கேக்கதுக்கு நாங்கதாம்ட்டி துட்டு வாங்கணும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செண்பகவல்லி சிரிக்கவில்லை. அன்று ஜூலை மாதக் கடைசி வாரம். மேலே கட்டியிருந்த நீலத் தார்ப்பாயில் மழை உருண்டுகொண்டிருந்தது. மழைக்காலத்தில் எங்கள் சந்து முழுக்க அந்த நீல வெளிச்சம்தான். ஆட்கள் நடப்பது நீந்துவது போல் இருக்கும். அந்த வெளிச்சத்தில் நின்று ஒரு பெண்ணைப் பற்றி அவ்வளவு கசப்பாகப் பேச எப்படி மனம் வருகிறதோ.

செல்வமேரிக்கு நான் எதிர்வாசல். அவள் வீட்டில் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல் வரும். அதனால் அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஒரு குற்றமும் உண்டு, அதையும் மறைக்கப்போவதில்லை. அறைக்குள் அவள் அந்த அம்மாவிடம் என்ன பேசினாள் என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள். நான் கேட்கவில்லை. மற்றதெல்லாம் அவளே பின்னால் சொன்னது. சொல்லலாம் என்று அவள் அனுமதியும் கொடுத்துவிட்டாள்.

முதலில் அந்தக் கதவு விஷயம். எங்கள் சந்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. ஒரே அறை, அதற்குள்தான் அடுப்பும் படுக்கையும் குளிக்கிற மூலையும். கதவு திறந்திருந்தால்தான் காற்று வரும். பகலில் ஒரு கதவு சாத்தியிருந்தால் உள்ளே ஏதோ நடக்கக்கூடாதது நடக்கிறது என்று அர்த்தம். சாத்தின கதவை யாராவது ஒருத்தர் வந்து தட்டாமல் போகமாட்டார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி ஒரு மணி நேரம் தனியாகப் பேச வேண்டும் என்றால் என்ன செய்வாள்?

செல்வமேரியின் அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்து கோவண்டியில் குடியேறியவர். அவள் அங்கே பிறந்து, இந்திப் பள்ளிக்கூடத்தில் பத்து வரை படித்து, பிறகு ரத்தம் எடுக்கும் வேலை பழகினாள். தனசீலனைக் கட்டிக்கொண்டு தாராவிக்கு வந்தாள். அவன் தோல் பை தைக்கும் பட்டறையில் இருக்கிறான். கிளாரா என்று ஒரே மகள். செம்பூரில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் மேரிக்கு வேலை. விடியும் முன்பே ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பி, சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, திலக் நகரில் இறங்கி வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பாள். அங்குள்ள பெரியவர்கள் அவளைத்தான் அனுப்ப வேண்டும் என்று கேட்டு வாங்குவார்கள். எனக்குச் சர்க்கரை பார்க்க அவள்தான் எடுத்தாள். நான் முருங்கைக்காய் விலையைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். புலம்பி முடிப்பதற்குள் பஞ்சை வைத்து கையை மடக்கிவிட்டாள்.

இந்த வருஷம் ஜனவரியில் ஒரு காலை, குர்லா பாலத்தில் கூட்டம் நெருக்கியது. தினமும் நெருக்குகிற கூட்டம்தான். ஆனால் அன்று அவளுக்குச் சத்தமெல்லாம் தூரப் போய்விட்டது. காதில் தண்ணீர் போனது மாதிரி. எதிரே வந்த முகங்கள் மிதந்து மிதந்து போயின. கம்பியைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாளாம், அது வேறு யாருடைய கையோ மாதிரி இருந்ததாம். நெஞ்சு அடைத்தது. செத்துப்போகிறோம் என்றே நினைத்தாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது என்றார்கள். நன்றாக இருந்த நெஞ்சு மறுபடி ரயிலில் அடைத்தது. அடுத்து சந்து முனையில். ஈஸ்டர் வந்தபோது அவளால் கோயிலுக்கும் போக முடியவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், புருஷனிடமும்கூட, உடம்பில் சத்தில்லை, தலைசுற்றல் என்றே சொல்லிவைத்திருந்தாள். வாசற்படிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் உலகம் என்று ஆகிவிட்டது. மத்தியான நேரங்களில் படிக்கு உள்ளே உட்கார்ந்து சந்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆற்றங்கரையில் படகுக்குக் காத்து உட்கார்ந்திருக்கிறவள் மாதிரி. லேப் நடத்துகிற அம்மா நல்லவள்தான். ஜூலை முடிய உன் இடத்தை வைத்திருக்கிறேன், அதற்கு மேல் முடியாது என்று சொல்லியிருந்தாள். ஜூலைக்குள் அந்தப் படியைத் தாண்ட வேண்டும். மேரிக்கு இருந்ததெல்லாம் அந்த ஒரு கவலைதான்.

அவளோடு வேலை பார்த்த ஒருத்தி போனில் ஒரு எண் அனுப்பினாள். ஜுவைரியா என்று ஒரு அம்மா, திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறவள், மனசுக்கு ஆலோசனை சொல்லப் படித்தவள். முதல் இருபது நிமிஷப் பேச்சுக்குக் காசில்லை.

“எங்கிட்ட பேசது உங்களுக்கு ஒத்துவரலைன்னா சொல்லிருங்க. வேற ஆளு நம்பர் தாரேன். எனக்கு வருத்தமே கிடையாது,” என்றாளாம் ஜுவைரியா.

இந்தியிலும் பேசத் தெரிந்த மேரிக்கு, அந்தத் தமிழைக் கேட்டதும் அம்மா தலை துவட்டிவிடுகிற மாதிரி இருந்ததாம். ஆனால் கூச்சத்தைத் தூக்கி வைத்துவிட்டு காசு விஷயத்தைத்தான் முதலில் கேட்டாள். அதில் அவள் கெட்டி.

ஒரு மணி நேரத்துக்குத் தொள்ளாயிரம். முடியாதவர்களுக்கு நானூறு, ஆனால் அப்படி நாலைந்து பேரைத்தான் எடுப்பாள். மேரி உள்ளதைச் சொன்னாள், இடம் கிடைத்தது. திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் பணம் வந்துவிட வேண்டும். வர முடியாது என்றால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அந்த வாரக் காசு போச்சு. நெட் அறுந்தால் ஜுவைரியாவே சாதாரண போனில் கூப்பிடுவாள். ஆங்கிலத்தில் ஒரு ஒப்புதல் தாள் வந்தது. மேரிக்கு அது ஓடவில்லை, தமிழ் எழுத்தும் தட்டுத் தடுமாறித்தான். ஜுவைரியா வரி வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினாள். அவசரம் என்றால் கூப்பிட ஒரு ஆள் பெயர் கேட்டாள். புருஷனிடம் இன்னும் சொல்லாததால் மேரி என் பெயரைக் கொடுத்தாள். எனக்குப் போன் கிடையாது, என் மகனுடைய எண்தான். இருந்தாலும் பெயர் என்னுடையது.

கடைசியாக, “நீங்க பேசற இடத்துல வேற யாரும் கேக்காம இருக்குமா?” என்று கேட்டாளாம்.

“தாராவியிலயா?” என்று மேரி சிரித்துவிட்டாள். நாலு மாசத்தில் முதல் சிரிப்பு.

செவ்வாய்க்கிழமை மூன்று மணி என்று முடிவானது. தனசீலன் பட்டறையில், கிளாரா பள்ளிக்கூடத்தில், சந்து பாதித் தூக்கத்தில். கதவைச் சாத்திவிட்டு ஏணி வழியாக மேல்தட்டுக்கு ஏறிவிடுவாள். சாமான் போடுகிற இடம். வெக்கையாக இருக்கும், ஆனால் அங்கேதான் போனில் சிக்னல் நிற்கும்.

கையில் கிறிஸ்மஸ் சீட்டுப் பணம் மூவாயிரத்து இருநூறு இருந்தது. எட்டு வாரத்துக்கு வரும். ஆனால் அத்தனையும் நோட்டு. நோட்டு போன் வழியாகப் போகுமா? பாங்கில் போட்டால்தான் போகும். பாங்கு சந்துக்கு வெளியே. வெளியே போக முடியாததற்குத்தானே இவ்வளவும்! படியில் உட்கார்ந்து அழப்பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“ஆச்சி, இந்த நானூறை நசீர் போன் கடையில குடுத்துருங்க. எங்க அனுப்பணும்னு அவனுக்கு போன்ல சொல்லிட்டேன். அவன் கமிஷன் பத்து ரூவா தனியா இருக்கு.”

“என்னத்துக்குட்டி?”

“செஷனுக்கு ஆச்சி. வாராவாரம் செஷன் இருக்கு. யார்ட்டயும் சொல்லிராதீங்க.”

இப்போது என் குற்றம். செஷன் என்ற சொல்லை நான் அதற்கு முன்னால் ஒரே இடத்தில்தான் கேட்டிருக்கிறேன். என் கொழுந்தன் ஒரு அடிதடி வழக்கில் மாட்டி நாலு வருஷம் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அலைந்தான். அந்தச் சொல் காதில் விழுந்தாலே எனக்குக் கறுப்புக் கோட்டும் நீளமான வராந்தாவும்தான் கண்ணுக்கு முன் வரும். ஐயோ, இந்தப் பிள்ளை கோர்ட்டில் மாட்டிக்கொண்டாளே, அதனால்தான் வெளியே தலைகாட்டவில்லையா என்று எனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. நசீர் வேறு, “ஆச்சி, பைசா திருநெல்வேலிக்குல்ல போகுது,” என்றான். சரி, வக்கீல் ஊரில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

பாரம் தாங்காமல் ஒரே ஒருத்தியிடம் சொன்னேன். அந்த ஒருத்தி செண்பகவல்லி. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவள் பேரன் தலையில் அடித்துச் சொன்னாள். பத்து நாளில் செல்வமேரி புருஷன்மேல் ஊரில் கேஸ் போட்டிருக்கிறாள், ஜீவனாம்சம் கேட்கிறாள் என்று கதை பட்டறை வரைக்கும் போய்விட்டது.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை. நான் என் வாசலில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தனசீலன் தோல் வாசனையோடும் பசை ஒட்டிய விரல்களோடும் வந்து நின்றான். சாத்தின கதவைப் பார்த்தான்.

“ஆச்சி, உண்மையச் சொல்லுங்க. எந்தக் கோர்ட்டுல கேஸ் போட்டிருக்கா?”

வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். அவன் கதவைப் போட்டு அடித்தான். மேரி இறங்கி வந்து திறந்தாள். தூக்கத்தில் நடக்கிறவள் முகம் மாதிரி இருந்தது. ஒரு காதில் வயர் தொங்கியது. அவன் போனைப் பிடுங்கியதில் வயர் கழன்று, அந்த அம்மாவின் குரல் அறைக்குள் வந்தது.

“யாரு நீங்க? வக்கீலா?” என்றான்.

“இல்லைங்க. என் பேரு ஜுவைரியா. மனசுக்கு ஆலோசனை சொல்லுதவ.”

“இவ உங்ககிட்ட என்ன சொன்னா?”

“அத அவுங்கதான் உங்களுக்குச் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்.”

“சும்மா பேசதுக்கு யாராச்சும் பைசா வாங்குவாங்களா?”

“உங்க வேலைக்கு நீங்க கூலி வாங்குவீங்கல்லா? இது என் வேலை.” குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. “செல்வமேரி, நீங்க பத்திரமா இருக்கீங்களா? போனை வைக்கவா, இருக்கவா?”

“வையுங்க அக்கா. நானே பேசிக்கிடுதேன்,” என்றாள் மேரி.

பிறகு ஏணியின் முதல் படியில் உட்கார்ந்து அவனுக்குப் பாலத்தைப் பற்றிச் சொன்னாள். தூரப் போன சத்தம், மிதந்த முகங்கள், வேறு யாருடையதோ போலிருந்த கை. மெதுவாகத்தான் சொன்னாள். தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. எனக்குப் போக வேண்டும் என்று தெரியும், கால் போகவில்லை. தனசீலன் அரிசி டிரம் மேல் உட்கார்ந்துவிட்டான்.

“இத ஏன் ஏங்கிட்ட சொல்லல?”

“சொன்னா கிறுக்கும்பீங்க. பேசதுக்குத் துட்டாங்கிறத இப்பக் கேட்டீங்கள்லா? அதையும் கேப்பீங்கன்னு தெரியும்.”

“அப்போ கோர்ட்டு?”

“என்ன கோர்ட்டு கிளாராப்பா?”

இனி என்ன இருக்கிறது, நான் சொல்லிவிட்டேன். “செஷன்னு சொன்னியேட்டி. நான் கோர்ட்டுல்லா நெனச்சேன்.”

மேரி என்னைப் பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஏணியில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். தனசீலனும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. செண்பகவல்லி சொன்னாளே ஒரு நாள் சிரிப்பு என்று, அது இதுதான்.

மறுநாள் அவன் மிச்ச நோட்டுகளைக் கொண்டுபோய் அவள் பாங்குக் கணக்கில் போட்டான். போனிலிருந்து அனுப்ப வழி செய்து கொடுத்தான். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவளே விரலால் அமுக்கினாள். நசீருக்குப் பத்து ரூபாய் நஷ்டம். அறுந்துபோன அரை மணி நேரத்தை ஜுவைரியா மறு வாரம் சேர்த்துத் தந்தாள். செவ்வாய் மூன்று மணிக்கு நான் அந்தச் சாத்தின கதவுக்கு முன்னால் முறத்தோடு உட்கார்ந்துகொள்வேன். யார் வந்தாலும், “அப்புறம் வா,” என்பேன். கோர்ட்டுக் கதை செத்துப்போய் கட்டணக் கதை பிறந்தது. அது வேறு விஷயம்.

ஐந்தாவது வாரத்திலிருந்து அவளுக்கு வீட்டுப்பாடம். முதலில் வெறுங்காலோடு வாசற்படியில் நிற்க வேண்டும், நெஞ்சு அடித்தாலும் நிற்க வேண்டும், அது தானாக இறங்கும்வரை. நான் பார்த்திருக்கிறேன். நீல வெளிச்சத்தில் கண்ணை மூடாமல் நிற்பாள். உதடு எதையோ எண்ணும். பிறகு குழாயடிவரை. அங்கே குழாயைத் தொட்டுவிட்டுத் திரும்புவாள். பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்து அவள் பின்னால் போய்த் தாங்களும் தொட்டார்கள்.

ஏழாவது வாரம் சந்து முனைக்குப் போனாள். ஒரு டெம்போ ஹார்ன் அடித்தது. அவ்வளவுதான், சுவரைத் தடவித் தடவி ஓடி வந்து, குளிக்கிற மூலையில் வாந்தி எடுத்தாள்.

“போதும் ஆச்சி. இன்னும் ஒரு நானூறு மிச்சம் இருக்கு. கிளாராவுக்குக் குடை வாங்கிருதேன்.”

“குடை நான் வாங்கித் தாரேன். நீ எட்டையும் முடி.”

“ஜூலை முடியப் போவுது. வேலை போனா போகட்டும்.”

“நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன், எந்திரி.”

அவள் தலையை ஆட்டினாள். “உங்க கையப் பிடிச்சா, உங்க கை வார தூரந்தான் நான் போவ முடியும்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நான் விடவில்லை. பிடிவாதம் என் கூடப் பிறந்தது. குடைக்கென்று சொன்ன நானூறையும் அன்று சாயங்காலம் என் கண் முன்னாலேயே ஜுவைரியாவுக்கு அனுப்பவைத்தேன். அனுப்பிய காசைத் திரும்பக் கேட்க அவளுக்கு மனம் வராது, எனக்குத் தெரியும். எட்டாவது செவ்வாய்க்கிழமை கதவு சாத்திக்கொண்டது. திறந்து வந்தவள் முகத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஓடி வந்தது தோல்வி இல்லையாம், முனைவரை போனது போனதுதானாம், அப்படி அந்த அம்மா சொன்னதாகச் சொன்னாள். இனி வாராவாரம் வேண்டாம், மாதம் ஒருமுறை போதும் என்றும் பேசிக்கொண்டார்களாம். மறுநாள்தான் நான் குழாயடியில் செண்பகவல்லியோடு சண்டை போட்டது.

அதற்கு அடுத்த நாள் வியாழக்கிழமை. காலை. எனக்கு மணி பார்க்கத் தெரியாது, பக்கத்துத் தையல்காரனுக்கு முதல் டீ வந்த நேரம். மழை விட்டிருந்தது. தார்ப்பாய் ஓரங்களில் மட்டும் சொட்டு. புகையும் சாம்பிராணியும் கலந்து சந்தில் பாதி உயரத்துக்கு மிதந்துகொண்டிருந்தது. விழித்தேனா இன்னும் தூக்கமா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

மேரி தலை வாரி, கழுத்துவரை பொத்தான் போட்டு, படியில் உட்கார்ந்து செருப்பின் வாரை மாட்டினாள். ஒரு காலுக்கு. அப்புறம் மறு காலுக்கு. உள்ளே தனசீலன் கிளாராவுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தான். அவன் கை நின்றது.

எழுந்தாள். நடந்தாள். வேகமாக இல்லை, மெதுவாகவும் இல்லை. குழாயடிக்கு வந்தபோது நின்றாள். நெஞ்சு மேலும் கீழும் போனது இங்கிருந்தே எனக்குத் தெரிந்தது. குடத்தோடு நின்ற செண்பகவல்லி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எங்கட்டி கிளம்பிட்ட, இத்தனை மாசம் கழிச்சு?”

மேரி மூச்சை விட்டாள். படபடப்பு இறங்கும்வரை காத்திருந்தாள். பிறகு,

“செம்பூருக்கு அக்கா, வேலைக்கு,” என்று சொல்லிவிட்டு முனையைப் பார்த்து நடந்தாள்.